பச்சைத் துணி கட்டியிருந்தால் ஏறாதீர்கள்: மிர்ஃபா பக்கம் ஒரு படகுத்துறை கரையேறிய நாள்

போன நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நானும் என் மகள் தாரணியும் அபுதாபிக்கு மேற்கே நாங்கள் இருக்கும் ருவைஸிலிருந்து மிர்ஃபா பக்கம் ஒரு நாள் போய்வந்தோம். பார்க்கப் போனது கோட்டையும் இல்லை, மாலும் இல்லை. கடலில் மிதந்துகொண்டிருக்கும் ஒரு படகுத்துறையைக் குளிர்காலத்துக்காகத் துண்டு துண்டாகக் கழற்றிக் கரையேற்றுவார்கள், அதைப் பார்க்க. "இதையெல்லாமா பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போய்ப் பாப்பாங்க?" என்று என் மனைவி கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம் என்றுதான் சொல்வேன். ஆனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் நிறுத்திக்கொள்ளவில்லை.

(ஆங்கிலத்தில் இந்தத் துறைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை அப்படியே தமிழில் எழுதினால் உள்ளாடைக் கட்டுரை என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் கடைசிவரை படகுத்துறைதான்.)

எல்லாம் தாரணியின் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. ஆறாம் வகுப்பு. மக்கள் குளிர்காலத்துக்கு எப்படித் தயாராகிறார்கள் என்று ஆளுக்கொரு படம் காட்டிப் பேச வேண்டும். கனடாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் முதல் ஆளாகப் பேசியிருக்கிறாள். அங்கே ஏரி முழுக்க உறைந்துவிடுமாம். அதற்கு முன்பே வீட்டுக்கு வீடு இறங்கி, ஏரியில் இருக்கும் படகுத்துறையைக் கழற்றிக் கரையில் போட்டுவிடுவார்களாம். விட்டால் பனிக்கட்டி அதை நெரித்து நொறுக்கிவிடுமாம். வீட்டுக்கு வந்த தாரணி பையைச் சோபாவில் எறிந்தாள். "அப்பா, நமக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. இங்க வின்டர்னா ஏசி ஆஃப் பண்றது. அவ்ளோதான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க செல்வராசு மாமா அதே வேலைதான் பாக்கறான். போன் போடு அவனுக்கு" என்றேன்.

செல்வராசு என் மனைவியின் தம்பி. அரியலூர் மாவட்டத்துக்காரன். சித்திரையில் குட்டையும் வற்றிப்போகும் ஊர். அவன் முதன்முதலில் கடலைப் பார்த்ததே வளைகுடாவுக்கு வரும்போது விமானத்தின் ஜன்னல் வழியாகத்தான். அப்படிப்பட்டவன் ஏழு வருடமாக இந்தக் கடற்கரையில் படகுத்துறைகளைப் பராமரிக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு ஃபோர்மேன். இங்கே கடல் உறையாது. ஆனால் குளிர்காலத்தில் ஷமால் வரும், வடமேற்குக் காற்று. ஆரம்பித்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். பனிக்கட்டி மெதுவாக நெரிப்பதை ஷமால் ஒரே ராத்திரியில் செய்துவிடும். அதனால் திறந்த கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் துறையை நவம்பரில் கழற்றி, மார்ச்சில் திரும்ப மாட்டுவார்கள்.

இந்த வருடம் அதில் ஒரு சிக்கல். செல்வராசுக்கு அடுத்த புதன்கிழமை ஊரில் பரிசம் போடுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை விமானம். துறை முழுக்கக் கரையேறினால்தான் லீவு என்பது கம்பெனிக் கணக்கு. போன வருடமும் இதே பெண், இதே பரிசம்தான். துறை வேலை இழுத்துக்கொண்டு போனதில் தேதி தள்ளிப்போனது. பெண்ணின் அப்பா பொறுத்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மாப்பிள்ளை, எங்களுக்கும் சொந்தபந்தம்னு இருக்குல்ல." அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும்போது என் மனைவி புளியோதரை டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க. ஓரமா நின்னு பாத்துட்டு வாங்க." இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் சொல்லி நான் கேட்காமல் போனவற்றில் இதற்குத்தான் முதல் பரிசு.

காலை 6.40க்குக் கிளம்பினோம். ருவைஸைத் தாண்டி அபுதாபி போகும் பெரிய ரோட்டில் ஏறினால் அப்புறம் நேர்கோடுதான். வலது பக்கம் மணல், இடது பக்கம் மணலுக்குப் பின்னால் எங்கேயோ கடல், நடுவில் லாரிகள். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கரக் டீ இரண்டு, முட்டை பரோட்டா ரோல் ஒன்று, மொத்தம் 9 திர்ஹம். தாரணி ரோலில் பாதி சாப்பிட்டாள், மீதியை நான் முடித்தேன். என் எடை 96 கிலோ ஆனது இப்படித்தான். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மிர்ஃபா ஊரைத் தொட்டு, கடலோர ரோட்டில் கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தியபோது மணி 8.05, மீட்டரில் 91 கிலோமீட்டர்.

இறங்கியதும் முகத்தில் உப்புக் காற்று. தண்ணீர் பச்சையாக, கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. கான்கிரீட் சரிவு ஒன்று கரையிலிருந்து கடலுக்குள் இறங்குகிறது. அதற்குப் பக்கத்தில் படகுத்துறை. மொத்தம் பதினான்கு பீஸ், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம். அலுமினியச் சட்டம், மேலே பலகை, அடியில் காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் மிதவைகள். ஒரு பீஸையும் அடுத்ததையும் இரண்டு தடித்த இரும்புப் பின்கள் பூட்டுகின்றன. முந்தைய இரண்டு நாளில் நாலு நாலாக எட்டைக் கழற்றிவிட்டார்கள். மீதி ஆறு.

"வாங்க மாமா. பாப்பா வா. அக்கா எதுனா குடுத்து வுட்டுச்சா?" செல்வராசு டப்பாவை வாங்கி நிழலில் வைத்தான். முகம் சரியில்லை. "காத்து திங்கக்கிழமைன்னாங்க மாமா. நேத்து ராத்திரி பாத்தா இன்னிக்கு மத்தியானத்துக்கு மேலயேங்கிறான். ஆறையும் இன்னிக்கே ஏத்தணும்."

"ஏத்திடலாம்டா மாப்ள."

"தண்ணி இருக்கிற வரைக்கும்தான் ஏத்தலாம். பத்து மணிக்குச் சரிவுல தண்ணி ஏறும், ஒன்றரைக்கு இறங்கிடும். தண்ணி இல்லன்னா டிரெய்லர் மேல பீஸு ஏறாது. ஒரு பீஸுக்கு அரை மணி நேரம். ஆறுக்கு மூணு மணி நேரம்." கையால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினான். "அதுல குந்துங்க. பாருங்க. வேற எதுவும் வேணாம்."

கையில் மிச்சம் இருந்தது அரை மணி நேரம் மட்டும். இதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். நான் பெரிய பிளான்டில் வேலை பார்க்கிறவன், முன்னூறு டன் கிரேன் எல்லாம் பார்த்தவன். ஆனாலும் இந்த ஐந்து பேர் வேலையை வாய் பிளந்துதான் பார்த்தேன். கடலின் பக்கம் இருக்கும் கடைசி பீஸிலிருந்து தொடங்கிக் கரைப் பக்கம் வருகிறார்கள். இரண்டு தெலுங்குக்காரர்கள் தண்ணீரில் இறங்கி, பீஸைக் கடலடியில் பிடித்திருக்கும் சங்கிலியைக் கழற்றி, அதன் நுனியில் ஆரஞ்சு நிறப் பந்து ஒன்றைக் கட்டி மிதக்க விடுகிறார்கள். மார்ச்சில் தேட வேண்டாம் பாருங்கள். கொல்லத்துக்காரர் பிஜு சின்னப் படகில் வந்து பீஸை இழுத்துச் சரிவுக்குக் கொண்டுபோகிறார். அங்கே குல்கான் என்ற பதான்காரர் டிராக்டரைப் பின்னால் எடுத்து டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டு, வின்ச் போட்டு மேலே இழுக்கிறார்.

பின்னைப் பிடுங்குவது மட்டும் செல்வராசு. சுத்தியலால் பின்னின் தலையில் ஒரே தட்டு, அப்புறம் காதைக் கொடுக்கிறான். சத்தம் மொத்தென்று வந்தால் பின்மேல் பாரம் இருக்கிறதாம். அப்போது பிடுங்கப் போனால் மூன்று பேர் சேர்ந்தாலும் வராது. காத்திருக்கிறான். ஒரு அலை வருகிறது, பீஸ் ஏறுகிறது, இறங்குகிறது. இறங்கி முடிந்த அந்த ஒரு கணத்தில் இரண்டு விரலால் பின்னை உருவி எடுத்துவிடுகிறான், பேனா மூடியைக் கழற்றுகிற மாதிரி. எடுத்த பின் எண் எழுதிய வாளிக்குள் டீசலில் போகிறது. குட்டை வற்றிப்போகும் ஊரிலிருந்து வந்தவன் அலையிடம் இப்படி வேலை வாங்குவதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாரணி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

11 மணிக்கு இரண்டு பீஸ் கரையேறியிருந்தது. கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் நாற்காலியில் இருந்திருந்தால்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் சாரத்துக்கு டேக் கட்டுகிறவன். பிளான்டில் சாரம் கட்டி முடித்ததும் போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை தொங்கவிடுவேன். பச்சை என்றால் ஏறலாம். குறை இருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் யாராக இருந்தாலும் ஏறக்கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் போனவனுக்கு இந்த இரண்டு நிறம்தான் பதினாறு வருடமாகச் சோறு போடுகிறது.

நாற்காலியில் இருந்து பார்த்தால், படகுத்துறையின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துணித் துண்டு பறக்கிறது. சிவப்பு. அதன் மேலேயே இவர்கள் திமுதிமுவென்று நடக்கிறார்கள்! சிவப்பைக் கட்டிவிட்டு அதன் மேலேயே நடந்தால் என்ன ஒழுங்கு? செல்வராசு அப்போது படகில் பிஜுவோடு சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. சரி, போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று எழுந்தேன். உள்ளே நுழைகிற எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்திருந்தார்கள். என் சட்டையின் மூன்று கொக்கியில் ஒன்றுதான் மாட்டியது.

"பாப்பா, நீ இங்கேயே நில்லு. சிவப்பு கட்டியிருக்கு, வரக் கூடாது" என்றேன்.

"அப்ப நீங்க ஏன்ப்பா போறீங்க?"

"அப்பா எக்ஸ்பர்ட்."

ஒவ்வொரு சிவப்புத் துணியையும் பாம்பைத் தாண்டுகிற மாதிரித் தாண்டித் தாண்டி நடந்தேன். மூன்று சிவப்பு. அதற்கப்புறம், மூன்றாவதாகக் கழற்ற வேண்டிய பீஸின் இணைப்பில், கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு பச்சைத் துணி! அப்பாடா, ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்று நிம்மதியாக அதன் மேல் காலை வைத்தேன். திரும்பிக் கரையைப் பார்த்து, "பச்சை பாத்தா ஏறலாம் பாப்பா!" என்று கையையும் ஆட்டினேன். அந்த வீடியோ இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இருக்கிறது.

அந்த பீஸின் அடிச் சங்கிலியும் கழற்றி, இரண்டு பின்னும் பிடுங்கியாகிவிட்டது. ஒரு மெல்லிய கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது. 96 கிலோ ஏறியதும் கயிறு அவிழ்ந்துகொண்டது. படகுத்துறை ஒரு பக்கம் நின்றது, நான் இன்னொரு பக்கம் கிளம்பினேன்.

"மாமா! அசையாதீங்க! குந்துங்க! அப்படியே குந்துங்க!" செல்வராசின் குரல். குந்தினேன். சரிவிலிருந்து குல்கான் டிராக்டரை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார். "அரே பாய், கிதர்?" எங்கே போகிறேன் என்று கேட்கிறார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. பிஜு சங்கிலியை விட்டுப் படகைத் திருப்பி வருவதற்குள், மேற்கிலிருந்து லேசாக எழும்பியிருந்த காற்று என்னைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போய், முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு மணல் திட்டில் செருகி நிறுத்தியது. முழங்கால் அளவு தண்ணீர். உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை, மானம்தான் போனது. ஆனால் பீஸ் மணலில் நன்றாக உட்கார்ந்துவிட்டது.

ஐந்து பேரும் அங்கே வந்து, மணலைக் கையால் தோண்டி, பிஜுவின் படகை வைத்து இழுத்து, அதை மறுபடி மிதக்க வைத்துச் சரிவுக்குக் கொண்டுவர ஐம்பது நிமிடம் ஆனது.

"பச்சைன்னா ஏறலாம்னு எவன் மாமா சொன்னான்?" செல்வராசு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"பிளான்ட்ல பதினாறு வருஷமா நான்தான்டா சொல்றேன்."

"இங்க பச்சைன்னா கழட்டியாச்சு, இழுத்துட்டுப் போன்னு அர்த்தம். பிஜு அவ்ளோ தூரத்துலேருந்து அதைப் பாத்துதான் போட்டைக் கொண்டாருவான். சிவப்புன்னா பின்னு மாட்டியிருக்கு. தாராளமா நடக்கலாம்."

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கணக்கு அவர்களுக்கு முழுக்கச் சரி. தண்ணீரில் நிற்கிறவனுக்கு எது இன்னும் பூட்டியிருக்கிறது, எது விடுபட்டுவிட்டது என்பதுதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் அவன் என்னைத் திட்டவில்லை. தண்ணீரைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாரணி என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, மாமா மேரேஜ் கேன்சல் ஆயிடுமா?"

நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் அவர்கள் வேலை செய்ததை நான் விவரிக்கவே முடியாது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. தட்டு, காது, அலை, பின். பச்சைத் துணி. படகு. டிராக்டர். "யல்லா", சீக்கிரம் என்று குல்கான் மட்டும் அவ்வப்போது. புளியோதரை டப்பா மூடியபடியே இருந்தது. அரை மணி நேர பீஸை இருபத்தைந்து நிமிடத்தில் ஏற்றினார்கள். ஐந்தாவது பீஸ் மேலேறியபோது மணி 1.20. கடைசி பீஸ் சரிவுக்கு வந்தபோது 1.40. வடமேற்கே வானத்தின் அடிப்பகுதி பழுப்பாகிவிட்டது.

டிரெய்லர் சரிவின் கடைசி வரைக்கும் இறங்கிவிட்டது. அதற்கு மேல் மணல், சக்கரம் புதைந்துவிடும். பீஸின் முனை டிரெய்லரின் உருளையில் ஏறாமல் ஒரு சாண் கீழே முட்டிக்கொண்டு நின்றது. வின்ச் போட்டால் சட்டம் வளைகிற சத்தம். குல்கான் கையை விரித்தார். "பானி மாஃபி. கலாஸ்." தண்ணீர் இல்லை, முடிந்தது என்கிறார்.

செல்வராசு இடுப்பளவு தண்ணீரில் நின்று பீஸைப் பார்த்தான். அதன் முனையைப் பார்த்தான், வாலைப் பார்த்தான். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தான். தலை முதல் கால் வரைக்கும், கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"மாமா, இங்க வாங்க."

"நான் எதுவும் பண்ணலடா."

"தெரியும். வாங்க. எவ்ளோ வெயிட் இருப்பீங்க?"

"தொண்ணூத்தியாறு."

"நெஜமா?"

"பரோட்டாவோட சேத்து நூறு."

"போய் வால்ல குந்துங்க. பின்னால அழுந்துனா மூக்கு தூக்கும்."

பிஜு ஒல்லி. தெலுங்குக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் என்னில் ஒருவர் ஆவார்கள். அந்தக் கரையில் அந்த நேரத்தில் இருந்ததிலேயே கனமான பொருள் நான்தான். பீஸின் மேல் கால் வைக்கப் போனவன் நின்றேன். "மாப்ள, இதுல என்ன துணி கட்டியிருக்கு?"

செல்வராசு அன்று முதல் தடவையாகச் சிரித்தான். "ஒண்ணும் கட்டல. ஏறுங்க மாமா!"

ஏறினேன். வால் நுனியில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். தெலுங்குக்காரர்கள் இரண்டு பேரும் வந்து என் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தார்கள். வால் அமுங்கி என் மடி வரைக்கும் தண்ணீர் வந்தது. முதுகுக்குப் பின்னால் பிஜுவின் குரல் மட்டும் கேட்டது: "குறச்சுகூடி... குறச்சுகூடி..." இன்னும் கொஞ்சமாம். எனக்குத் தெரிந்த வழியில் இன்னும் கனமாக முயன்றேன், அதாவது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஒரு அலை வந்தது. "இப்ப!" என்று செல்வராசு கத்த, வின்ச் உறும, மூக்கு உருளையில் ஏறியது. பீஸ் டிரெய்லரில் ஏற ஏற, பின்னால் இருந்த நாங்கள் மூன்று பேரும் வரிசையாகத் தண்ணீரில் உதிர்ந்தோம். மணி 2.05.

2.40க்கு ஷமால் வந்தது. நாங்கள் யார்டு ஷெட்டுக்குள் நின்று புளியோதரை தின்றுகொண்டிருந்தோம், பாதி புளியோதரை, பாதி மணல். கண்ணாடி மாதிரி இருந்த கடலா இது என்றிருந்தது. துறை இருந்த இடத்தில் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஆரஞ்சுப் பந்துகள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தன. அந்த ஒரு பீஸ் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. பதினான்கு பீஸும் வரிசையாக, எண் வெளியே தெரிய, பட்டையால் கட்டப்பட்டுக் கிடந்தன. குல்கான் ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் கழுவியிருந்தார். அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளில் இரண்டைத் தாரணி பள்ளிக்காக எடுத்துக்கொண்டாள்.

நீங்களும் பார்க்க விரும்பினால் நவம்பர் இரண்டாம் பாதியில் போங்கள். தேதி யாராலும் சொல்ல முடியாது. காற்றையும், பகலில் தண்ணீர் ஏறும் நேரத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் பொதுக் கடற்கரையில் நின்றே பார்க்கலாம், ஆனால் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ருவைஸிலிருந்து போய்வர எனக்கு பெட்ரோல் 48 திர்ஹம். கடலோரத்தில் கடை ஏதும் இல்லை, சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். மாற்றுத் துணி கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை, 91 கிலோமீட்டரும் பிளாஸ்டிக் பையின் மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். காற்று ஆரம்பித்தால் உடனே கிளம்புங்கள், ரோட்டில் மணல் பறந்து முன்னால் போகிற லாரியே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வேலையில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அடுத்தவர் வேலையிடத்தில் ஒரு நிறத்தைப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டுக் காலை வையுங்கள்.

மறுநாள் காலை காற்றிலேயே, அவன் தங்கியிருக்கும் மிர்ஃபா கேம்ப்புக்குப் போய் செல்வராசை ஏற்றிக்கொண்டு அபுதாபி விமான நிலையத்துக்குப் போனோம். இந்தத் தடவை என் மனைவியும் வந்தாள். வீடியோவை ஏழாவது தடவையாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

செக்-இன் வரிசையில் செல்வராசு தள்ளுவண்டியை முன்னால் தள்ளினான். எல்லாரையும் போல அட்டைப் பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, நாலு பக்கமும் பெயர், ஊர். முடிச்சில் ஒரு பச்சைத் துணித் துண்டு கட்டியிருந்தது, உப்புக் கறையோடு. திருச்சியில் பெட்டியை அடையாளம் காண்பதற்காக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன்.

"கழட்டியாச்சு மாமா. இழுத்துட்டுப் போவ வேண்டியதுதான்" என்றான்.

தாரணி என் சட்டையைப் பிடித்து ஒரு அடி பின்னால் இழுத்தாள். "அப்பா, பச்சை கட்டியிருக்கு. அது மேல ஏறி நின்னுடாதீங்க."